ஒத்தக் காலா, ரெண்டு காலா?

ஒரு ரூபாய் நாணயத்தை வைத்தால் அந்த இடம் மறைந்துவிடும். இடது காலின் உள்பக்கம், கணுக்காலுக்கு ஒரு சாண் மேலே, சதை மூடாமல் எலும்பின் விளிம்பு நேராகக் கையில் தட்டுப்படுமே, அங்கே. குளிக்கும்போது சோப்பு போடுகிற கை அந்த இடத்துக்கு வந்ததும் தானாக மெதுவாகிவிடும். அழுத்தாமல் தாண்டிப் போய், கணுக்காலுக்கு வந்த பிறகு பழைய வேகத்தை எடுக்கும். மூன்று வாரம் என் கை இப்படிச் செய்துகொண்டிருந்தது. கைக்குத் தெரிந்திருந்த ஒன்று எனக்கு எப்படித் தெரியாமல் இருந்தது? இரண்டு வருடமாக இந்தக் கேள்வி என்னை விடவில்லை. எழுதினாலாவது கொஞ்சம் தெளியுமா என்று பார்க்கிறேன்.

எனக்கு அப்போது 41 வயது. வங்கியில் வேலை, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், சிங்காநல்லூரில் வீடு. ஜூன் மாதம் ஓட ஆரம்பித்தேன். டிசம்பரில் கோயம்புத்தூர் மாரத்தானில் 21.1 கிலோமீட்டர் ஓடிவிட வேண்டும் என்று முடிவு. 2013-இலிருந்து நடக்கும் அந்த ஓட்டத்தைப் புற்றுநோய் நோயாளிகளுக்கான நிதிக்காக நடத்துகிறார்கள். என் அம்மா மார்பகப் புற்றுநோயில் போனவர். அதனால் வேறு எந்த ஊர் ஓட்டத்தையும் நான் யோசிக்கவே இல்லை. ஓட்டப் பயிற்சியைப் பற்றி நிறையப் பேர் நன்றாக எழுதியிருக்கிறார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஓடி முடித்த மறுநாளைப் பற்றியும் அதற்கு அடுத்த நாளைப் பற்றியும்தான்.

படி இறங்கிய நோவு

ரேஸ் கோர்ஸில் ஒரு சுற்று ஏறக்குறைய 2.5 கிலோமீட்டர். முதல் மாதம் ஒரு சுற்றைக்கூட நிற்காமல் முடிக்க முடியவில்லை. ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டக் குழுவோடு மருதமலைக்குப் போனேன். படிக்கட்டில் மூன்று தடவை ஏறி இறங்க வேண்டும். ஏறும்போது மூச்சு வாங்கியது, நெஞ்சு அடித்துக்கொண்டது. இறங்கும்போது அப்பாடா என்று இருந்தது. இறங்குவதை நான் ஓய்வுக் கணக்கில் வைத்திருந்தேன். திங்கட்கிழமை தொடையில் லேசான இறுக்கம், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை காலை எழுந்தால் இரண்டு தொடையையும் உலக்கையால் இடித்துப் போட்டதுபோல் இருந்தது. வங்கியின் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியாக இறங்கினேன். வியாழக்கிழமை பாதி குறைந்தது. சனிக்கிழமை சுத்தமாக இல்லை.

அந்த நோவு எனக்குப் பிடித்திருந்தது. பள்ளியில் விளையாட்டு மைதானப் பக்கமே போகாதவளுக்கு, உடம்பில் ஏதோ நடந்திருக்கிறது என்பதற்கு அதுதான் முதல் சாட்சி. ‘லாக்டிக் அமிலம் சேர்ந்துடுச்சு, நாளைக்கு மெதுவா ஓடினா கரைஞ்சிடும்’ என்று குழுவில் சொன்னார்கள். எல்லோரும் சொல்வதுதான் அது. நானும் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஓடும்போது இரத்தத்தில் ஏறுகிற லாக்டேட் ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை நோவுக்கு ஞாயிற்றுக்கிழமை லாக்டேட் பொறுப்பாக முடியாது. 1902-இலேயே தியோடர் ஹஃப் என்ற அமெரிக்க உடலியல் அறிஞர், இந்தத் தாமதமான நோவு தசைக்குள் ஏற்படும் நுண்ணிய கிழிசலால் வருவது என்று எழுதிவிட்டார். 1983-இல் இன்னொரு சோதனை செய்தார்கள். டிரெட்மில்லில் 45 நிமிடம், சமதளத்தில் ஓடவிட்டும் இறக்கத்தில் ஓடவிட்டும் பார்த்தார்கள். சமதளத்தில் லாக்டேட் ஏறியது, பிறகு நோவு வரவில்லை. இறக்கத்தில் லாக்டேட் ஏறவே இல்லை, ஆனால் அடுத்த நாட்களில் நல்ல நோவு.

இதைப் படித்தபோது மருதமலை எனக்குப் புரிந்தது. இறங்கும்போது தொடைத் தசை பிரேக் போடுகிறது. உடம்பின் எடை அதை இழுத்து நீட்டப் பார்க்கிறது, அது சுருங்கித் தாங்கப் பார்க்கிறது. நீண்டுகொண்டே சுருங்குகிற அந்த வேலைதான் இழைகளைக் கிழிக்கிறது. நான் ஓய்வு என்று நினைத்ததுதான் உண்மையான வேலை. மூன்று வாரம் கழித்து அதே படியில் அதே மூன்று தடவை ஏறி இறங்கினேன். நோவு கால்வாசிகூட இல்லை. தசை ஒரு தடவையிலேயே பாடம் படித்துவிடுகிறது, பல வாரம் அதை மறப்பதில்லை. இது ஓடுகிறவர்களுக்குக் கிடைத்திருக்கும் பெரிய வரம்.

அப்போது இதில் எதுவும் எனக்குத் தெரியாது. ‘வலிச்சாத்தான் வளரும்’ என்று வாட்ஸ்அப் குழுவில் தினமும் யாராவது ஒருவர் போடுவார். எனக்கு அது மனதில் ஊறிவிட்டது. நோவு இல்லாத வாரம் ஏமாற்றமாக இருந்தது. நோவு இருந்தால் சரியாகப் பயிற்சி செய்திருக்கிறேன் என்று அர்த்தம். இப்படி வலியை மதிப்பெண்ணாகப் பார்க்க ஆரம்பித்தவளுக்கு, வேறு ஒரு வலி வந்து நிற்கும்போது அதையும் மதிப்பெண்ணாகவே எடுத்துக்கொள்ளத் தோன்றும்.

புரட்டாசி

செப்டம்பருக்குள் 12 கிலோமீட்டர் ஓட முடிந்தது. மூச்சு வசப்பட்டுவிட்டது. ஓடிக்கொண்டே பேச முடிந்தது, பேசிக்கொண்டே இன்னொரு சுற்று ஓட முடிந்தது. இங்கேதான் ஆபத்து இருக்கிறது. இருதயமும் நுரையீரலும் சில வாரங்களில் பழகிவிடுகின்றன. தசை அடுத்து வருகிறது. தசைநாணுக்கும் எலும்புக்கும் மாதக்கணக்கு ஆகிறது. எலும்பு தன்னைப் பலப்படுத்தும் விதம் வேறு: பழைய வீட்டைப் புதுப்பிக்கிற கொத்தனார்போல முதலில் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் பூசுகிறது. சுரண்டுவது சில வாரத்தில் முடிந்துவிடும், பூசிக் காய்வதற்குத்தான் மாதங்கள் வேண்டும். அதனால் புதிதாக ஓடத் தொடங்கியவரின் எலும்பு, இடையில் கொஞ்ச காலம், தொடங்கியபோது இருந்ததைவிடவும் பலவீனமாக இருக்கிறது. நன்றாக ஓட முடிகிறது என்று நாம் தூரத்தைக் கூட்டுவதும் அந்தக் காலத்தில்தான்.

புரட்டாசி பிறந்தது. எங்கள் வீட்டில் புரட்டாசிச் சனிக்கிழமை விரதம். மத்தியானம் பெருமாளுக்குத் தளிகை போட்டுவிட்டு ஒரு வேளைச் சாப்பாடு, ராத்திரி ஒரு டம்ளர் பால். கல்யாணமாகி வந்ததிலிருந்து விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நீண்ட தூர ஓட்டம். அந்த மாதம் 14, 15, 16, 18 என்று போனது. இதோடு, ஓடுவதோடு சேர்த்து நாலு கிலோ எடையும் குறையட்டும் என்று வார நாட்களிலும் ராத்திரிச் சாப்பாட்டைக் குறைத்திருந்தேன். படுக்கப் பதினொரு மணி, எழ நாலரை. இதையெல்லாம் இப்போது ஒரே பத்தியில் எழுதும்போது பளிச்சென்று தெரிகிறது. அப்போது ஒவ்வொன்றும் வெவ்வேறு நல்ல காரியமாகத் தெரிந்தது.

முதல் வாரம் அந்த இடம் ஓட ஆரம்பிக்கும்போது வலிக்கும், இரண்டு கிலோமீட்டரில் காணாமல் போகும். ‘சூடேறினா சரியாயிடுது பாருங்க, சதைப்பிடிப்புதான்’ என்றார் குழுவில் ஒருவர். இரண்டாவது வாரம் ஓட்டம் முடிகிறவரை கூடவே வந்தது. தைலம் தேய்த்தேன். சப்பாத்திக் கட்டையை வைத்துக் கெண்டைக்காலை உருட்டினேன். மருந்துக் கடையில் ஜெல் வாங்கிப் பூசினேன். மூன்றாவது வாரம், 18 கிலோமீட்டர் ஓட வேண்டிய அன்று, கிளம்பும் முன் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அந்த மாத்திரையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை நிறையப் பேர் செய்கிறார்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கும். வேர்த்து நீர் வற்றிய உடம்பில், வெயிலில், மூன்று மணி நேரம் ஓடும்போது சிறுநீரகம் ஏற்கெனவே சிரமத்தில்தான் இருக்கிறது. அதன் கழுத்தில் இன்னொரு சுமையை வைக்கிறோம். போதாததற்கு, நிற்கச் சொல்லும் ஒரே குரலையும் வாயடைத்துவிடுகிறோம். தயவுசெய்து ஓட்டத்துக்கு முன் போடாதீர்கள்.

18 கிலோமீட்டரும் ஓடிவிட்டேன். வலி தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் திருச்சி ரோட்டு சிக்னலில் ஸ்கூட்டியை நிறுத்தி இடது காலை ஊன்றினேன். ஊன்றிய கால் நிற்கவில்லை. வண்டி சாய்ந்தது. பக்கத்தில் இருந்த பால்காரர் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டார். அப்போதும் வீட்டில் ‘சுளுக்கிக்கிச்சு’ என்றுதான் சொன்னேன். இட்லிக்கு அரிசியும் உளுந்தும் ஊறியிருந்தது. கிரைண்டரைப் போட்டுவிட்டுத் துணி துவைக்கப் போனேன்.

ஒரே விரல்

செவ்வாய்க்கிழமை ராத்திரி படுத்திருக்கும்போதே வலித்தது. சும்மா கிடக்கிற காலில் விண்விண்ணென்று. அதற்குப் பிறகுதான் பிசியோதெரபிஸ்ட்டிடம் போனேன். சின்னப் பெண், இருபத்தாறு இருபத்தேழு வயதிருக்கும்.

“எங்க வலிக்குதுன்னு காட்டுங்கக்கா.”

நான் முழங்காலுக்குக் கீழிருந்து கணுக்கால்வரை உள்ளங்கையால் தடவிக் காட்டினேன். “இங்கெல்லாம்.”

“கையால வேண்டாம். ஒரே விரலால காட்டுங்க.”

என் ஆள்காட்டி விரல் எங்கேயும் தேடவில்லை. நேராகப் போய் அந்த இடத்தில் உட்கார்ந்தது. அவள் தன் விரலை அதே இடத்தில் வைத்து மெதுவாக அழுத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிறகு இடது காலில் மட்டும் நின்று ஒரு தடவை குதிக்கச் சொன்னாள். குதிக்க முடியவில்லை. உடம்பு மறுத்துவிட்டது, கால் தரையை விட்டு எழவே இல்லை.

சதை நோவைக் கேட்டால் ஆள் உள்ளங்கையால் தடவிக் காட்டுவார், எலும்பு வலியைக் கேட்டால் விரலால் தொட்டுக் காட்டுவார் என்றாள். கேள்விகள் கேட்டாள். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எத்தனை மணிக்குத் தூங்குகிறீர்கள், மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா, வெயில் மேலே படுகிறதா. விடியும் முன் ஓடிவிட்டு நாளெல்லாம் வங்கிக்குள் இருப்பவளுக்கு வெயில் எங்கிருந்து படும்? இரண்டு மாதமாக மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்ததை ‘வயசாகுது’ என்று நான் ஒதுக்கியிருந்தேன். செலவழிக்கிற சக்திக்குத் தக்கபடி சாப்பிடாவிட்டால் உடம்பு முதலில் கைவைப்பது இனப்பெருக்கச் சுரப்பிகளிலும் எலும்பிலும்தான் என்று அவள் சொல்லித்தான் தெரியும். 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் குழு இதற்கென்று தனிப் பெயரே வைத்திருக்கிறது. எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார், ஏனென்றால் இந்த வகைப் பாதிப்பு முதல் சில வாரம் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எலும்பு உள்ளே வீங்கியிருந்தது. விரிசல் இன்னும் விழவில்லை. இன்னும் ஒன்றிரண்டு ஞாயிறு ஓடியிருந்தால் விழுந்திருக்கும் என்றார். வைட்டமின் டி 11. 20-க்குக் கீழே போனாலே குறைவு என்கிறார்கள்.

ஆனால் என்னை விடாமல் பிடித்துக்கொண்டது இது எதுவும் இல்லை. அந்தப் பெண் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டது.

“எத்தனை நாளாக்கா?”

“மூணு வாரம்.”

“மூணு வாரமா தெரிஞ்சே ஓடினீங்களா?”

தெரியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சோப்புப் போட்ட கை ஞாபகம் வந்தது.

என் அம்மா மார்பில் கட்டி இருப்பதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. அக்கா கல்யாணம் முடியட்டும் என்று இருந்தார். அது முடிந்ததும் அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும் என்று இருந்தார். அந்த எட்டு மாதமும் அவர் ஒரு நாள்கூடப் படுக்கவில்லை. எல்லோரும் அவரைப் பற்றிச் சொல்வது, ‘எவ்வளவு வலி இருந்தாலும் முகத்துல காட்டமாட்டாங்க’ என்பதுதான். பெருமையாகத்தான் சொல்வார்கள். நானும் பெருமையாகத்தான் கேட்டு வளர்ந்தேன். என் இரண்டாவது பிரசவத்தில், தையல் காயும் முன்பே அடுப்படிக்கு வந்துவிட்டேன் என்று மாமியார் வந்தவர்களிடம் சொல்லும்போது எனக்குள் ஒரு நிமிர்வு இருந்தது. அம்மாவுக்காக ஓடுகிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, அம்மா செய்ததையே நானும் செய்துகொண்டிருந்தேன்.

கைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாமல் போனதற்கு இதைவிட நல்ல விடை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. வலியைப் பொறுத்துக்கொள்வதில் இருபது வருடப் பழக்கம் உள்ளவருக்கு 18 கிலோமீட்டர் பெரிய காரியமில்லை. எங்களைப் போன்றவர்கள் சீக்கிரம் நன்றாக ஓடக் கற்றுக்கொள்கிறோம். எங்களைப் போன்றவர்களுக்குத்தான் நிறுத்தவும் தெரிவதில்லை. குழுவில் ஒரு இருபத்தைந்து வயதுப் பையன் முழங்காலில் சின்னதாகக் குத்தினாலே இரண்டு நாள் வரமாட்டான். அவனைப் பற்றி நான் மனதுக்குள் குறைவாக நினைத்திருக்கிறேன். அவன் அந்த டிசம்பரில் நன்றாக ஓடினான். நான் தண்ணீர்ப் பந்தலில் நின்று வாழைப்பழம் உரித்துக் கொடுத்தேன்.

சுவரில் கால்

ஆறு வாரம் ஓடக் கூடாது. முதல் இரண்டு வாரம் தேவைக்கு மேல் நிற்கவும் கூடாது. இரண்டாவதுதான் கஷ்டமாக இருந்தது. குழு கொடுத்த அட்டவணையில் ‘வெள்ளி – ஓய்வு’ என்று போட்டிருக்கும். என் வெள்ளிக்கிழமை எப்படி இருக்கும் என்றால், வீடு துடைத்து, பூஜைப் பாத்திரம் துலக்கி, வங்கியில் கவுண்டருக்கும் லாக்கருக்கும் நடந்து, சாயங்காலம் கோயிலுக்குப் போய் வருவதற்குள் ஓடிய நாளைவிட அதிக நேரம் காலில் நின்றிருப்பேன். நீண்ட ஓட்டம் ஓடிய ஞாயிற்றுக்கிழமை மாவாட்டி, வாரத் துணி துவைத்து, மத்தியானம் கறி சமைத்து முடிக்கும்போது மணி இரண்டு. அட்டவணை எழுதியவருக்கு ஓய்வு என்றால் சோபா. அது எழுதியவரின் குற்றமில்லை. அந்தச் சொல்லுக்கு என் வீட்டில் ஓர் இடம் இல்லை, அதை நான் கேட்டு வாங்கவும் இல்லை.

இரண்டாவது வாரம் பொள்ளாச்சியிலிருந்து அத்தை வந்தார், அப்பாவின் அக்கா. எழுபத்திரண்டு வயது. முப்பது வருடம் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர். அவர்கள் ஊரிலிருந்து உடுமலை வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல், செருப்பில்லாமல், இரண்டு ராத்திரித் தங்கல். என் காலைப் பார்த்துவிட்டு அவர் முதலில் கேட்டது:

“ஒத்தக் காலா, ரெண்டு காலா?”

“ஒத்தக் கால்தானுங்க அத்தை. இடது.”

“அப்பவே நிறுத்தியிருக்கோணும் அம்மிணி. ரெண்டு காலும் நோவுச்சுன்னா அது நடந்த நோவு, நாலு நாள்ல போயிரும். ஒத்தக் கால் நோவுச்சுன்னா வேற என்னமோன்னு அர்த்தம். எங்க கூட்டத்துல ஒத்தக் கால் நோவுன்னு யாராச்சும் சொன்னா அங்கயே பஸ் ஏத்தி உட்டுருவம். முருகன் கோவிச்சுக்க மாட்டான்.”

பிசியோதெரபிஸ்ட்டிடம் இதைச் சொன்னபோது அவள் எழுதி வைத்துக்கொண்டாள். படியிறங்கிய நோவு பெரும்பாலும் இரண்டு பக்கமும் வரும், ஏனென்றால் இரண்டு காலும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. ஒரு பக்கம் மட்டும் வருவதற்குத் தனிக் காரணம் இருக்க வேண்டும். எப்போதும் பொருந்தும் விதி என்று சொல்ல முடியாது, ஆனால் முதல் கேள்வியாகக் கேட்க இதைவிட நல்லது இல்லை என்றாள். நீண்ட நடையில் எலும்பு நைந்துபோவதை மருத்துவ உலகம் முதலில் எழுதிவைத்தது 1855-இல், பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்து பாதம் வீங்கிய சிப்பாய்களைப் பார்த்து. பழனிப் பாதையில் நடந்தவர்கள் அதற்கும் முன்பே தங்களுக்குள் அறிந்து வைத்திருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

தங்கலில் என்ன செய்வார்கள் என்று கேட்டேன். அத்தை சொன்னதைவிடச் செய்து காட்டியதுதான் அதிகம். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு கை கல்லுப்பு போட்டுக் காலை வைக்கச் சொன்னார். துடைத்துவிட்டு, விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி நீவினார். அந்த இடத்தைத் தொடவில்லை. பிறகு கூடத்தில் பாயைச் சுவரோரமாகப் போட்டு, “பின்பக்கத்தைச் செவுத்தோட ஒட்டிட்டுக் காலைத் தூக்கி மேல வெய்யி” என்றார். வீட்டுக் கூடத்தில், பகல் பதினோரு மணிக்கு, ஒன்றும் செய்யாமல், இரண்டு காலையும் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருந்தேன். குக்கர் விசில் அடித்தது. எழப் போனேன். “படு” என்றார் அத்தை. “அவன் பாத்துக்குவான்.” வீட்டுக்காரர் போய் அடுப்பை அணைத்தார். அவர் போவார் என்று எனக்குத் தெரியாது. பதினாறு வருடத்தில் நான் படுத்துப் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு நிறையப் படித்தேன். நோவைக் குறைக்க விற்கப்படும் பொருட்களுக்கு அளவே இல்லை, அவற்றில் பெரும்பாலானதற்கு நம்பும்படி ஆதாரம் இல்லை. ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் தசையை இழுத்து நீட்டுவது நோவைக் குறைக்கும் என்று நான் உறுதியாக நம்பியிருந்தேன். 12 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் 100-க்கு ஒரு புள்ளி அளவுதான் குறைகிறது. குளிர்ந்த நீரில் உட்காருவது கொஞ்சம் உதவுகிறது. காயத்துக்கு ஓய்வு, ஐஸ், கட்டு, உயர்த்தி வைத்தல் என்று 1978-இல் சொல்லிப் பிரபலமாக்கிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே பின்னாளில், ஐஸ் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிச் சொன்னார். அத்தையின் உப்புத் தண்ணீர் எந்த ஆய்விலும் பெரிதாக ஜெயித்திருக்காது. ஆனால் அதில் கால் வைத்தால் இருபது நிமிடம் எழுந்து போக முடியாது. எனக்கு வேண்டியிருந்தது அந்த இருபது நிமிடம்தான்.

தூக்கமும் சாப்பாடும் முதலில், மற்றதெல்லாம் அப்புறம். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஒன்பதரைக்குப் படுத்தேன். மாவாட்டுவது புதன்கிழமைக்கு மாறியது, கிரைண்டர் மகன் கைக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமை ஓடி வந்ததும் உப்புப் போட்ட மோர், அரை மணி நேரத்துக்குள் இரண்டு முட்டை, பிறகு நெய் விட்ட அரிசிம்பருப்பு சாதம். வாரத்தில் மூன்று நாள் ராகி, ஏனென்றால் 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. வைட்டமின் டி மருத்துவர் சொன்ன கணக்கில். மாதவிடாய் மூன்று மாதத்தில் ஒழுங்குக்கு வந்தது. அடுத்த புரட்டாசியில் விரதத்தை விடவில்லை, நீண்ட ஓட்டத்தைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டேன். பெருமாளுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

பயிற்சியும் மாறியது. வாரத்துக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் தூரத்தைக் கூட்டாதே என்று எல்லா இடத்திலும் சொல்கிறார்கள். நெதர்லாந்தில் புதிதாக ஓட வந்த ஐந்நூறு பேருக்கு மேல் வைத்து இதைச் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். பத்து சதவீதக் கணக்கில் 13 வாரம் மெதுவாகக் கூட்டியவர்களிலும் 8 வாரத்தில் முடித்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குக் காயம். கணக்கு மட்டும் யாரையும் காப்பாற்றவில்லை. அதனால் நான் கணக்கோடு சேர்த்து ஒரு நோட்டு வைத்துக்கொண்டேன். காலண்டர் தாளின் பின்பக்கங்களைத் தைத்த நோட்டு. தினமும் காலை பல் தேய்க்கும் முன் மூன்று மாடிப்படி இறங்கிப் பார்த்துவிட்டு ஒரே சொல் எழுதுவேன்: ‘ரெட்டை’ அல்லது ‘ஒத்தை’ அல்லது ‘இல்லை’. ரெட்டை என்றால் மெதுவாக ஓடலாம், அல்லது நடக்கலாம். ஒத்தை என்றால் அன்று ஓட்டமில்லை. இரண்டு நாள் தொடர்ந்து ஒத்தை என்றால் பிசியோதெரபிஸ்ட். நாலு வாரத்துக்கு ஒரு தடவை, நன்றாக இருந்தாலும் தூரத்தைக் குறைப்பேன். அந்த வருடம் ஆறு ஒத்தை வந்தது. ஆகஸ்டில் வலது குதிகால், காலையில் கட்டிலிலிருந்து இறங்கும் முதல் அடியில் குத்தல். மூன்று வாரம் ஓட்டத்தைப் பாதியாக்கினேன், போய்விட்டது. இதை எழுதியதும் வெளியே சொன்னதும் எனக்குச் சுலபமாக வரவில்லை. முதல் ‘ஒத்தை’யை நோட்டில் எழுதிவிட்டு, குழுவில் ‘இன்னைக்கு வரலை, கால் வலி’ என்று போடக் கால் மணி நேரம் ஆனது.

டிசம்பரில் ஓடினேன். 2 மணி 51 நிமிடம். குளிர் நன்றாக இருந்தது. 17-ஆவது கிலோமீட்டரில் தொடை கனத்தது, கொஞ்ச தூரம் நடந்தேன், மறுபடி ஓடினேன். அம்மாவை நினைத்துக்கொண்டு ஓட வேண்டும் என்று வைத்திருந்தேன், ஆனால் பெரும்பாலும் அடுத்த தண்ணீர்ப் பந்தல் எங்கே என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிவுக்கோட்டைத் தாண்டிய பிறகுதான் அவர் நினைவு வந்தது.

மறுநாள் விடுப்பு எடுத்திருந்தேன். சுவரில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு படுத்திருக்கும்போது அத்தை போன் செய்தார்.

“ஓடிட்டியா சாமி?”

“ஓடிட்டனுங்க அத்தை.”

“மேலெல்லாம் நோவுதா?”

“தொடை பயங்கரமா நோவுதுங்க. எந்திரிக்கவே முடியல.”

“ஒத்தத் தொடையா, ரெண்டுமா?”

“ரெண்டும்.”

“அப்பச் சரி. படு.”